முரட்டுக் குதிரையா?

ஏப்ரலில் நுவரெலியா போனால், கிரகரி வாவியருகே குதிரை ஏறாமல் நாம் திரும்புவதில்லை. அது நகர மறுத்தால் உடனே "முரடு" என்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. சேணம் உராய்ந்து முதுகு புண்ணானால், ஆள் ஏறும்போது குதிரை துள்ளத்தான் செய்யும். கடைவாய்ப்பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்தால் கடிவாளத்தை உதறும். சாட்டையடி எந்தப் புண்ணையும் ஆற்றாது. முதுகு, வாய், குளம்பு எல்லாம் பார்த்த பிறகுதான் பழக்குவதைப் பற்றிப் பேசவேண்டும்.

மெல்ல ஓடும்போது கவனியுங்கள்: முன்காலில் நோவிருந்தால், அந்தக் கால் நிலத்தில் படுகையில் தலை மேலெழும், நல்ல காலை ஊன்றுகையில் தாழும். இதைக் கண்டுகொள்ள மிருக வைத்தியராக இருக்கத் தேவையில்லை. உம்மா, வாப்பாமாரே, அப்படியொரு குதிரையென்றால் காசு கொடுத்திருந்தாலும் பிள்ளையை இறக்கிவிடுங்கள்.