பழைய நிறத்துக்குக் காசு, பழைய படத்துக்குக் கறையான்



இப்போது எங்கள் பக்கத்தில் கலியாணப் படம் பேசப் போனால், "பிலிம் லுக் வேணுமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பச்சை கொஞ்சம் மங்கியிருக்க வேண்டும். வெள்ளையில் இலேசாக மஞ்சள் ஏற வேண்டும். படம் முழுக்கப் பொடிப் பொடியாகப் புள்ளி தெரிய வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், நேற்று எடுத்த படம் உம்மா வாப்பாவின் அல்பத்திலிருந்து எடுத்த மாதிரி இருக்க வேண்டும். அதற்குத் தனிக் காசும் கொடுக்கிறோம்.

பிள்ளைகளின் ஆசையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்த உண்மையான அல்பம் இன்று எங்கே, என்ன நிலையில் கிடக்கிறது என்று யாராவது பார்த்தோமா?

முதலில் இந்த "பிலிம் லுக்" என்னவென்று விளங்கிக்கொள்வோம். டிஜிட்டல் கெமராவின் சென்சருக்கு நிறம் தெரியாது. வெளிச்சம் கூடவா குறையவா என்பது மட்டும்தான் தெரியும். அதன் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று மிக நுண்ணிய வடிகட்டிகளைச் சதுரங்கப் பலகை மாதிரி அடுக்கித்தான் நிறத்தைக் கணக்கிடுகிறார்கள். கொடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் இதற்கான காப்புரிமையை 1976இல் பெற்றார். இன்று எங்கள் கைத்தொலைபேசியிலும் பெரும்பாலும் இதே முறைதான். ஆக, எந்த நிறம் எப்படித் தெரிய வேண்டும் என்பதைக் கடைசியில் கெமராவுக்குள் இருக்கும் கணக்குத்தான் தீர்மானிக்கிறது. புஜி பில்ம் நிறுவனம் தான் முன்பு விற்ற பிலிம்களின் பெயரையே அந்தக் கணக்குகளுக்கு வைத்தது: புரோவியா, வெல்வியா, அஸ்டியா. 2014இல் கிளாசிக் குரோம் வந்தது. 2021இல் பழைய அல்பத்தின் நிறத்தை நினைவூட்டும் நொஸ்டால்ஜிக் நெக் வந்தது.

அடுத்தது "மீடியம் போமட்". இது பெரிய சென்சர் உள்ள கெமரா. புஜியின் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 2017இல் கடைக்கு வந்தபோது, லென்ஸ் இல்லாமல் உடம்பு மட்டும் ஏறக்குறைய 6500 டொலர். அதன் சென்சர் 44க்கு 33 மில்லிமீற்றர். சாதாரண 35 மில்லிமீற்றர் பிலிமின் ஒரு படம் 36க்கு 24. பரப்பளவில் ஏறக்குறைய 1.7 மடங்கு. பெரிய விசயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் ஒரு காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் நெஞ்சளவில் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்துப் படம் பிடித்த பெட்டிக் கெமரா ஞாபகம் இருக்கிறதா? 120 பிலிம் போடும் அந்தக் கெமராவின் நெகட்டிவ் 56க்கு 56 மில்லிமீற்றர். இன்றைய அந்த விலை உயர்ந்த சென்சரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பரப்பு. எங்கள் மூத்தவாப்பாமாரின் கலியாணத்தை ஊர் ஸ்டூடியோக்காரர் மீடியம் போமட்டில்தான் பிடித்துக் கொடுத்தார். அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த நெகட்டிவ்களும் பிரதிகளும் இன்று பிஸ்கட் டின்னிலும், அலுமாரியின் மேல் தட்டிலும், பொலித்தீன் பையிலும் கிடக்கின்றன. ஒரு பக்கம் களப்பு, இன்னொரு பக்கம் உப்பளம். எங்கள் காற்றில் இரும்புக் கதவே தாங்குவதில்லை, பிலிம் எம்மாத்திரம்? ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அசிட்டேட் பிலிம் கெடத் தொடங்கினால் வினாகிரி வாடை வரும். வர்ணப் படத்தின் சாயம் இருட்டில் வைத்தாலும் மெல்ல மெல்ல மங்கும். பிளாஸ்டிக் தாள் மூடிய ஒட்டும் அல்பத்தின் பசை படத்தையே தின்னும். மிச்சத்துக்குக் கறையான் இருக்கிறது.

இது எல்லா ஊருக்கும் உள்ள கதை என்று விட்டுவிட முடியாது. பாலாவிக்கு இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது.

1990 ஒக்டோபரில் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது சுமார் 75,000 பேர் சொந்த மண்ணை இழந்தார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்ப் பக்கத்திலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஏராளமானோர் புத்தளத்திலும் பாலாவியிலும் இந்தச் சுற்றுவட்டாரத்திலும் குடியேறினார்கள். உடுத்த உடுப்போடு வந்தவர்கள் கலியாண அல்பத்தையா தூக்கி வந்திருப்பார்கள்? அந்தக் குடும்பங்களில் எத்தனையோ பேருக்குத் தாங்கள் பிறந்த வீட்டின் ஒரு படம்கூட இல்லை.

ஆனால் கலியாணப் படத்தில் ஒரு பிரதியைத் தூரத்து உறவினருக்குத் தபாலில் அனுப்புவது அந்தக் கால வழக்கம். அதனால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தொலைந்த ஒரு முகத்தின் ஒரே பிரதி, புத்தளத்திலோ கற்பிட்டியிலோ ஒரு வீட்டு டின்னுக்குள் இப்போதும் இருக்கலாம். யாருடைய படம் என்று தெரியாமல் ஒருநாள் அதைக் குப்பையோடு எரித்தும் விடலாம். எங்கள் பயம் அதுதான். இல்லாத பழமையைக் காசு கொடுத்துப் பூசிக்கொண்டு, இருக்கிற பழமையை அழிய விடுகிறோம்.

"நிறம் போடுவது எங்கள் தொழில், சேர் ஏன் இதில் தலையிடுகிறீர்கள்?" என்று தம்பிமார் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாடிக்கையாளர் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஜேபெக்கில் ஏற்றிய நிறத்தை முழுதாகக் கழற்ற முடியாது. அதனால் ரோ கோப்பையும் சேர்த்து எடுங்கள். கேட்ட நிறத்தில் ஒரு தொகுதி கொடுத்தாலும், உள்ள நிறத்தில் ஒரு தொகுதியும் கொடுங்கள். முப்பது வருடம் கழித்து இன்றைய "லுக்" யாருக்கும் பிடிக்காமல் போகலாம். மணப்பெண்ணின் சொந்த நிறம் அவளுடைய பேரப்பிள்ளைக்கு வேண்டும்.

தோல் நிறத்தில் இன்னும் கவனம் வேண்டும். பழைய வர்ணப் பிலிமின் நிறமும் நடுநிலையான நிறம் அல்ல. 1950களிலிருந்து கொடக் நிறுவனம் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். "ஷேர்லி அட்டை" என்பார்கள். அவருடைய தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த முகங்கள் இருண்டு போனதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. சொக்லேட், மரத்தளபாடக் கம்பனிகள் தங்கள் பொருளின் நிறம் ஒழுங்காக வரவில்லை என்று முறைப்பட்டதும் திருத்தத்துக்கு ஒரு காரணம் என்று அந்த நிறுவனத்தில் இருந்தவர்களே பிறகு சொன்னார்கள். அந்த நிறத்தை அப்படியே பிரதி பண்ணி எங்கள் பிள்ளைகளின் முகத்தில் ஏற்றுவதற்கு முன் ஒரு தரம் யோசிப்போம்.

பழைய படங்களைக் காப்பாற்ற விலை உயர்ந்த கெமரா தேவையில்லை. ஊரில் கலியாணம் எடுக்கும் எந்தத் தம்பியிடமும் உள்ள 24 மெகாபிக்சல் கெமரா, ஒரு மக்ரோ லென்ஸ், அசையாத ஸ்டாண்ட், நெகட்டிவை வைக்க ஒரே சீரான வெள்ளை வெளிச்சப் பலகை போதும். அச்சுப் படமானால் இரண்டு பக்கமும் சரிவாக ஒவ்வொரு விளக்கு. பிலிம் லுக் எதுவும் போட வேண்டாம், அது ஏற்கனவே பிலிம்தான். அல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காமல் அப்படியே எடுங்கள். பெண்களின் படங்கள் வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. வீட்டுப் பிள்ளை ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்தால் வீட்டுக்குள்ளேயே முடிக்கலாம். முகநூலில் போடுவது என்ற பேச்சே வேண்டாம்.

கலியாணம் எடுக்கும் தம்பிமார் மாதத்தில் ஒரு பின்னேரத்தை இதற்குத் தந்தால், பாடசாலை விடுமுறையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளை உதவிக்கு அனுப்ப ஆசிரியர்களாகிய நாங்கள் தயார்.

எந்த சென்சராலும் எடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. படத்தில் நிற்பவரின் பெயர். அது மூத்தம்மாமாரின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் குறைந்து வருகிறது. இந்தக் கிழமை அந்த டின்னை இறக்கி அவர்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள். யார், எந்த ஊர், எந்த வருடம் என்று படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். பென்சில் பிடிக்காத தாளானால் தனித்தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். வடக்கிலிருந்து வந்த படம் ஒன்று கண்ணில் பட்டால், அதில் இருப்பவரின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.