குளத்து மணலுக்கு வயசு என்ன?

நீச்சல் குளம் வைத்த குடியிருப்பில் வீடு வாங்கியவர்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால், காப்பி கொடுப்பதற்கு முன்பே பால்கனிக்கு அழைத்துப் போய்க் குளத்தைக் காட்டிவிடுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். ஆனால், அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, எந்த வழியாகச் சுத்தமாகித் திரும்பி வருகிறது என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். அதைத் தெரிந்துகொள்ள வைத்தவள் என் ஏழு வயசுப் பெண்.

கோடை விடுமுறை. அவள் நீந்தக் கற்றுக்கொண்டு மூன்று வாரந்தான் ஆகியிருந்தது. "அம்மா, இங்கே பார்!" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்கினாள். நான் பார்த்தேன். தெரிந்தால்தானே? தண்ணீர் நீர்மோர் மாதிரி இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... நாலு என்று எண்ணுவதற்குள் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டாள். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கோ, அந்த மூன்று எண்ணிக்கைக்குள் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. முழுகுகிற குழந்தை கூச்சல் போடாது. ஓசைப்படாமல் அடியில் போய்விடும். கரையில் பத்துப் பேர் நின்றாலும், அடித்தரை தெரியாத தண்ணீரில் யார் கண்ணுக்கு அது அகப்படும்?

அன்று மாலையே சங்கத்துச் செயலாளரைப் பிடித்தேன். பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். கணக்கில் ஒரு பைசா தவறாது.

"தண்ணீர் கலங்கலாக இருக்கிறதே, சார்! பில்டரைப் பார்க்க வேண்டாமா?"

"பில்டருக்கு ஒன்றுமில்லை, அம்மா. தினமும் கேஜைப் பார்த்து எழுதி வைக்கிறோம். மூன்று வருஷமாக முள் 10-ஐத் தாண்டியதே இல்லை" என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாக 10, 10, 10!

பத்திரிகைக்காரிக்கு இவ்வளவு ஒழுங்கான கணக்கைக் கண்டால் சந்தேகம் வராமல் இருக்குமா? குளம் பார்த்துக்கொள்ளும் பெரியவருடன் மோட்டார் அறைக்குப் போனேன். அங்கே இடுப்புயரத்துக்கு ஒரு பெரிய தொட்டி, பூசணிக்காய் வடிவத்தில். அதன் வயிற்றில் முக்கால் பாகம் மணல். குளத்துத் தண்ணீரை மோட்டார் இழுத்து மேலே விடுகிறது. மணல் வழியாக அது இறங்கும்போது அழுக்கு மணலில் தங்கிவிடுகிறது. தெளிந்த நீர் அடிக் குழாய் வழியாகக் குளத்துக்குத் திரும்புகிறது. நம் பாட்டிமார் காப்பி பில்டரில் செய்த வித்தைதான், அளவுதான் பெரிது.

மணலில் தண்ணீரை வடிப்பது புதிய யோசனையும் அல்ல. லண்டனில் ஜேம்ஸ் சிம்ப்ஸன் என்ற எஞ்சினீயர் 1829-ல் தேம்ஸ் நதி நீரை மணற் படுகையில் வடித்து ஊருக்கு வழங்கினார். நம் சென்னைக்கும் 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்துவிட்டன. அங்கே தண்ணீர் நிதானமாக, தன் கனத்தாலேயே இறங்கும். நீச்சல் குளத்தில் அவ்வளவு பொறுமை கிடையாது; மோட்டார் வைத்து அழுத்தித் தள்ளுகிறோம்.

அந்த அழுத்தத்தைக் காட்டுவதுதான் கேஜ். மணலில் அழுக்குச் சேரச் சேரத் தண்ணீர் இறங்கத் திணறும், முள் ஏறும். சுத்தமான மணலில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் 8 அல்லது 10 பவுண்டு ஏறினால், தண்ணீரைத் தலைகீழாகக் கீழிருந்து மேலே விட்டு மணலை அலசி, அழுக்கை வெளியே தள்ள வேண்டும். இதற்குப் 'பேக்வாஷ்' என்று பெயர். முள் ஏறாதபோது, 'சுத்தம் நல்லதுதானே' என்று தினமும் அலசுவதும் தவறு. மணலில் கொஞ்சம் அழுக்கு இருந்தால்தான் அது இன்னும் பொடியான அழுக்கையும் பிடிக்கும்.

"பெரியவரே, மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்கள்" என்றேன். நிறுத்தினார். மோட்டார் ஓய்ந்தது. முள் மட்டும் 10-லேயே நின்றது!

"இது எப்பவும் இப்படித்தாம்மா நிக்கும்" என்றார் அவர், வெகு சாதாரணமாக.

மோட்டார் நின்றால் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் கேஜ் பழுது. மூன்று வருஷமாகச் செத்துப்போன முள்ளைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறோம்! செயலாளரிடம் சொன்னபோது நல்ல மனிதர் முகம் சிவந்துவிட்டது. மறுநாளே புதுக் கேஜ் வந்தது.

மணலை அலசியபின் புது முள் 12-ல் நின்றது. மூன்றாம் நாள் 22! மறுபடி அலசினோம், இரண்டே நாளில் மறுபடி 22. அலசிய மணல் இப்படி உடனுக்குடன் அடைத்துக்கொண்டால், அதற்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம்.

அவசரப்பட்டு மணலை மாற்றிவிடவும் கூடாது. தண்ணீர் கலங்கலுக்கு வேறு காரணங்களும் உண்டு. முதலில் குளோரினைச் சோதிக்க வேண்டும். 1-லிருந்து 3 அளவுக்குள் இருக்கலாம். பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குளத்துத் தண்ணீர் முழுவதும் ஆறு, எட்டு மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வரும் அளவுக்கு மோட்டார் ஓட வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று பாதியில் நிறுத்தினால் தெளியாது. முள் வழக்கத்தைவிட இறங்கியிருந்தால் மணலைச் சந்தேகிக்காதீர்கள். மோட்டாருக்கு முன்னால் இருக்கும் கூடையில் இலையும் முடியும் அடைத்திருக்கும். இவையெல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் தெளியவில்லையென்றால் அப்போது மணலைப் பாருங்கள். குளத்துக்குள்ளேயே மணல் வந்து விழுந்தால், தொட்டியின் அடியிலுள்ள குழாய் உடைந்திருக்கலாம். அப்போதும் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

எங்கள் தொட்டியைத் திறந்தார்கள். உள்ளே மணலா இருந்தது? கொழுக்கட்டை கொழுக்கட்டையாகக் கட்டிகள்! கையில் எடுத்தால் பிசுபிசுப்பு. லாரித் தண்ணீரின் உப்பு மணலைக் கெட்டியாக்கியிருந்தது, அதன்மேல் தேங்காயெண்ணெய். ஆமாம், நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தலை வழிய எண்ணெய் தடவி அப்படியே குளத்தில் இறக்கிவிடுகிறோமே, அது எங்கே போகும்? எண்ணெய் மட்டும் என்றால் மருந்து போட்டு ஊறவைத்து அலசிப் பார்க்கலாம். கட்டி தட்டிப்போனதற்கு மருந்து கிடையாது. தண்ணீர் கட்டிகளைச் சுற்றிக்கொண்டு வழி கண்டுபிடித்து, வடிபடாமலே ஓடிவிடும். சாதாரணமாக இந்த மணல் ஐந்து முதல் ஏழு வருஷம் உழைக்கும். எங்களுடையது குளம் வெட்டிய நாளிலிருந்து இருந்தது, பதினொன்று!

செலவு என்றதும் கூட்டம் கூடிற்று. "ஆற்று மணலைப் போட்டுவிட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்டார். போடக் கூடாது. ஆற்று மணலில் பருமனும் பொடியும் களிமண்ணும் கலந்திருக்கும். பில்டருக்கென்று சலித்த, சுமார் அரை மில்லிமீட்டர் பருமனுள்ள சிலிகா மணல்தான் வேண்டும். 2 அடி விட்டமுள்ள சிறு தொட்டிக்கே 130 கிலோ வாக்கில் பிடிக்கும்.

"வண்ணம் அடிக்கிற செலவோடு சேர்த்து அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே?" என்றார் இன்னொருவர்.

மூன்றாம் மாடி மாமி எழுந்தாள். "சுவரிலே அழுக்கு இருந்தா பாக்கறவா நாலு வார்த்தை சொல்லுவா, அவ்வளவுதான். தண்ணியிலே குழந்தை இருக்கறது தெரியலேன்னா? அதுக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு உண்டா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். அப்புறம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

புது மணல் போடும்போது நானும் நின்று பார்த்தேன். தொட்டியில் முதலில் பாதித் தண்ணீர் விட்டார்கள். மணல் நேராக விழுந்து அடிக் குழாய்களை உடைத்துவிடாமல் இருக்க. நடுக் குழாயின் வாயைத் துணியால் கட்டினார்கள். மணல் உள்ளே போகாமல் இருக்க. பிறகு ஒரு முறை அலசி, முள் நின்ற இடத்தைச் செயலாளரே சிவப்பு மையால் குறித்தார்.

சில இடங்களில் மணலுக்குப் பதில் மடிப்பு மடிப்பான கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதைக் கழுவிய பிறகும் முள் இறங்காவிட்டாலோ, மடிப்புகள் நைந்து கிழிந்தாலோ, முனையிலுள்ள மூடி விரிசல் விட்டாலோ உடனே மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பில்டர் அழுக்கைப் பிடிக்கும்; கிருமியைக் கொல்வது குளோரின். அதற்கும் சட்டென்று மசியாத கிருமி உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்பது நல்ல குளோரின் தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். மணலிலும் நழுவிவிடும் அளவுக்குப் பொடி. ஆகையால், வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்காதீர்கள். கண்ணைக் கரிக்கிற 'குளோரின் வாசனை' அடித்தால் குளோரின் அதிகம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து குளோரின் களைத்துப்போனதன் வாசனை அது! எண்ணெய் போகச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுக் குளத்தில் இறங்கினால், மணலுக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது.

உங்கள் குடியிருப்பில் குளம் இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். மோட்டார் நிற்கும்போது முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். குழந்தையை இறக்குமுன், ஆழமான பக்கத்துக் கரையில் நின்று, அடியிலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அன்றைக்கு நீச்சல் இல்லை. எவ்வளவு அழுதாலும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் பெண் ஐந்து ரூபாய் நாணயத்தைத் தண்ணீரில் போட்டாள். "அம்மா, தெரிகிறதா?" என்று கேட்டாள். கரையிலிருந்தே தெரிந்தது. அதை எடுக்க முங்கியவளும், நாணயத்தை அமுக்கிப் பிடித்த ஐந்து விரல்களும் தெரிந்தன. இந்தத் தடவை நான் எண்ணவே இல்லை.