வேலியே பயிரை மேய்ந்தால்...

உடலைக் காப்பது நோய் எதிர்ப்புச் சக்தி. அந்தச் சக்தியே உடலைத் தாக்கினால்? அதுதான் 'மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ்' என்ற நரம்பு நோய்.

மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறை இருப்பது போல நரம்புக்கும் உறை உண்டு. மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த உறை அரிக்கப்படுகிறது. பார்வை மங்கும். கால் மரத்துப் போகும். சில வாரங்களில் குணமானது போல இருக்கும். பிறகு மீண்டும் தாக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

1993-ல் அமெரிக்காவில் இன்டர்பெரான் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. இன்று மருந்துகள் பல. நோயை அடியோடு போக்கும் மருந்து இல்லை. ஆனால், திரும்பத் திரும்பத் தாக்குவதைக் குறைக்கலாம்.

எந்த மருந்து நல்லது?

மிதமான மருந்தில் தொடங்கி, பலிக்காவிட்டால் வலுவானதற்கு மாறுவது ஒரு வழி. இதில் பக்கவிளைவு குறைவு. ஆனால், காத்திருக்கும் காலத்தில் ஊனம் நிலைத்துவிடலாம்.

முதலிலேயே வலுவான மருந்து கொடுப்பது மற்றொரு வழி. இதில் உடலின் காவல் தளர்ந்து, கிருமி புகலாம். நட்டாலிசுமாப் என்ற மருந்து 2004-ல் வந்தது. சிலருக்கு மூளையில் கிருமி தாக்கியதால் 2005-ல் நிறுத்தப்பட்டது. 2006-ல் கடும் கட்டுப்பாடுகளுடன் திரும்பியது. யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை அறிய இன்று ரத்தப் பரிசோதனை உதவுகிறது.

ஆகவே, அடுத்தவருக்குப் பலித்த மருந்தைக் கேட்டு வாங்குவது தவறு. நோயின் வேகம், ஸ்கேன் படம், பிள்ளைப்பேறு ஆகியவற்றை நரம்பு மருத்துவரிடம் பேசியே முடிவு செய்ய வேண்டும். வேகமான நோய்க்குப் பயந்து தாமதிப்பதும் ஆபத்தே. உடல் தேறியதும் தானாகவே மருந்தை நிறுத்துவதும் ஆபத்தே!

இழந்த நரம்பைக் கடையில் வாங்க முடியாது. இருப்பதைக் காப்பதே அறிவுடைமை.