விற்றேன் என்றார், விற்கவில்லை

கோயில் வீதியிலே மாம்பழம் ஏலம் போவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். "ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்" என்று கூறி முடித்தபின் பழம் கேட்டவருக்கே உரியது. அதற்குப் பிறகு வேறொருவர் ஓடிவந்து இருமடங்கு தருகிறேன் என்றாலும், கொடுத்த பழத்தைத் திருப்பிக் கேட்கும் துணிவு எந்தத் தர்மகர்த்தாவுக்கும் வாராது. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறதல்லவா! ஊர் பாராத இடத்தில் நடைபெறும் ஏலத்தில் என்ன நிகழும் என்பதை அண்மையில் நாம் அருகிலிருந்து கண்டோம்.

எமது நண்பர் ஒருவர் இளைப்பாறிய தமிழாசிரியர். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து அவர் தூக்கிச் சென்றவை இரண்டு பைகள் மாத்திரமே. அவருடைய தந்தையார் வைத்திருந்த வின்சுலோ அகராதி மேசைமேல் இருந்துவிட்டது. திரும்பி வந்தபோது மேசையும் இல்லை. 1862 இல் சென்னையில் அச்சாகிய அந்நூல் 67,000 இற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அதற்கான வேலை தொடங்கியது யாழ்ப்பாணத்திலேதான். வின்சுலோ பாதிரியாரும் உடுவிலிலே பல்லாண்டு வாழ்ந்தவர். பிற்கால மறுபதிப்பு ஒன்றை வாங்கித் தர நாம் முன்வந்தோம். "மறுபதிப்பில் சொல் இருக்கும்; ஐயா புரட்டின தாள் இராது" என்று மறுத்துவிட்டார்.

இவ்வாறிருக்க, இங்கிலாந்திலுள்ள ஒருவர் 1862 ஆம் ஆண்டுப் பதிப்பின் பிரதியொன்றை இணைய ஏலத்தளம் ஒன்றில் இட்டிருந்தார். படத்திலே தலைப்புப் பக்கத்தின் மேல்மூலையில் ஊதா மையினால் யாரோ இட்ட கையெழுத்து. உயர்தர வகுப்பிற் படிக்கும் பேர்த்தி கணினியின் முன் அமர, நண்பர் பின்னால் நாற்காலியில் அமர, ஏழு நாட்கள் ஏலம் நடந்தது. முடிவில் 62 பவுணுக்கு நூல் அவருக்கே விழுந்தது. மருமகனுடைய கடனட்டையிலிருந்து பணமும் அன்றிரவே சென்றது. மறுநாட் காலையில் அவர் எம்மிடம் தொலைபேசியிற் பேசிய குரலை நாம் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாம் நாள் கடிதம் வந்தது. புத்தகத்தில் நீர்பட்டுப் பழுதாகிவிட்டதாம், மிகவும் வருந்துகிறாராம். பணத்தை விரைவில் திருப்பியனுப்ப வசதியாக, விற்பனையை ரத்துச் செய்யும்படி வாங்கியவரே ஒரு விண்ணப்பம் அனுப்பிவிட்டால் நன்றாம்.

"அம்மப்பா, கான்சல் எண்டதை அழுத்தட்டோ?" என்று பேர்த்தி கேட்டாள். நண்பர் எம்மைக் கேட்டார். அழுத்தவேண்டாம் என்றோம்.

காரணம் இதுதான். ஈபே போன்ற பெரிய ஏலத்தளங்களில் ஒவ்வொரு விற்பனையாளருக்கும் ஒரு நடத்தைக் குறிப்பு உண்டு. பொருள் இல்லை, அல்லது பழுது என்று கூறி விற்பனையாளரே ரத்துச் செய்தால் அது அவருடைய குறிப்பிலே குறையாகப் பதியும். வாங்குபவர் கேட்டு ரத்தானதாயின் குறை எதுவும் பதியாது. ஆகவே, "நீங்களே கேட்டுவிடுங்கள்" என்பது உபசார வார்த்தையன்று. பின்வாங்கியவர் தமது பின்வாங்கலை எமது பெயரில் எழுதிவைக்கக் கேட்கும் அனுமதி. பணம் திரும்புவதற்கு அந்த விண்ணப்பம் அவசியமும் இல்லை. பொருள் வராவிட்டால் தளத்தின் பாதுகாப்பு விதிப்படி பணத்தைக் கேட்கலாம்; அதற்கும் அப்பால் கடனட்டை வழங்கிய வங்கியிடம் முறையிடலாம்.

பதிற் கடிதம் எழுத உட்கார்ந்தோம். நண்பருடைய முதற்படியிற் கடுஞ்சொற்கள் பல இருந்தன. ஆங்கிலத்தில் எழுதியும் அவை அழகாகவே இருந்தன, ஆசிரியர் அல்லவா! அவற்றையெல்லாம் நீக்கி மூன்று வசனங்களில் முடித்தோம். ரத்தினை நாம் கேட்கவில்லை. நூல் பழுதாயினும் அதே விலைக்கு ஏற்றுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம். பழுதைக் காட்டும் படமொன்றை அனுப்புக. உண்மையாகவே புத்தகம் நனைந்திருந்தால் இக்கடிதம் அவருக்கு மகிழ்ச்சியையே அளித்திருக்கும். விற்பவருக்கும் விபத்து நேரலாம், அலமாரி சரியலாம், மழை ஒழுகலாம். எடுத்த எடுப்பிலே கள்வன் என்பது முறையன்று.

படம் வரவில்லை. நான்காம் நாள் பணம் மாத்திரம் திரும்பி வந்தது. இரண்டு வாரம் கழித்து அதே நூல், அதே மூலையில் அதே ஊதாக் கையெழுத்துடன், மறுபடியும் தளத்திலே தோன்றிற்று. இம்முறை ஏலமில்லை, விலை 180 பவுண். நீர்க்கறை எதனையும் நாம் காணவில்லை. பேர்த்தி முதல் விளம்பரத்தின் படங்களை முன்பே சேமித்து வைத்திருந்தபடியால் இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஒப்பிட முடிந்தது. இணையத்திற் பொருள் வாங்கும் மாணவர்கள் இப்பிள்ளையின் பழக்கத்தைக் கைக்கொள்வார்களாக. விளம்பரம் மறைந்தபின் நினைவைச் சாட்சியாக எவரும் ஏற்கமாட்டார்.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று நண்பர் கேட்டார். எமது நாட்டில் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், அதற்கு முன்மாதிரியான 1893 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டமும், சுத்தியல் விழும்போது ஏல விற்பனை முற்றுப்பெறும் என்கின்றன. இணைய ஏலத்திலோ சுத்தியல் இல்லை, கடிகாரம் மாத்திரமே ஓடுகிறது. ஆகவே ஒப்பந்தமே இல்லை என்று வாதிட்டவர்களும் உண்டு.

2007 இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் உயர் நீதிமன்றத்தில் அவ்வாதம் தோற்றது. அங்கே ஒருவர் தம்முடைய பழைய விராவே ரகப் போர்விமானத்தை ஈபேயில் 150,000 டொலர் அடிவிலையுடன் ஏலத்துக்கு விட்டார். கடைசி வேளையில் ஒருவர் சரியாக அத்தொகையைக் கேட்டு வென்றார். விற்பவரோ இன்னொருவருக்கு 100,000 டொலர் அதிகமாகக் கொடுக்க உடன்பட்டிருந்தபடியால் மறுத்துவிட்டார். கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் உண்டாயிற்று, விமானத்தையே ஒப்படைக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

ஜேர்மனியில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஒருவர் தமது பசாட் மோட்டார் வண்டியை ஒரு யூரோ ஆரம்ப விலையில் ஏலமிட்டார். ஒருவர் 555.55 யூரோ வரை கேட்கச் சித்தமாய்ப் பதிந்தார். போட்டிக்கு வேறெவரும் வராததால் விலை ஒரு யூரோவிலேயே நின்றது. அதற்கிடையில் வெளியே 4,200 யூரோவுக்கு ஆள் கிடைக்க, உரிமையாளர் ஏலத்தை இடையில் நிறுத்திவிட்டார். 2014 இல் அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், வண்டியின் மதிப்பான 5,250 யூரோவில் அந்த ஒரு யூரோவைக் கழித்து, 5,249 யூரோ நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற முடிவை உறுதிசெய்தது. மலிவான விலை என்பதனால் ஒப்பந்தம் பிழையாகாது. குறைந்த விலையில் ஏலத்தைத் தொடங்கியவரே அந்த அபாயத்தையும் ஏற்றவர்.

இவற்றைக் கேட்ட நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்து, "விமானத்துக்கு நீதி உண்டு, அகராதிக்கு இல்லையோ?" என்றார். உரிமை இரண்டுக்கும் ஒன்றே. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி, இணையவழி உண்டானது என்பதற்காக எமது நாட்டிலும் ஓர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் 62 பவுண் பொருளுக்காகக் கடல்கடந்து வழக்காடப் புறப்பட்டால், வழக்கின் செலவு அகராதியையும் விழுங்கி மேசையையும் விழுங்கிவிடும். விற்பனையாளரும் இதை நன்கறிவார்.

அறிந்தபடியாலேதான் அடுத்த கடிதமும் வந்தது. தளத்துக்கு வெளியே, நேரே வங்கிக்கு 150 பவுண் அனுப்பினால் நூலைத் தபாலிற் சேர்ப்பாராம். நண்பர் இளகிவிட்டார். அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. முப்பது ஆண்டுக்குப் பின் கைக்கெட்டிய புத்தகம். ஆனால் தளத்துக்கு வெளியே செலுத்தும் பணத்துக்குத் தளத்தின் பாதுகாப்பு இல்லை. வங்கிக்கு நேரே சென்ற பணத்தை மீட்பதும் அரிது. ஒருமுறை சொல் மாறியவரிடம் அந்த இரண்டு காவலையும் விட்டுவிட்டுப் போவதா? ஒரு பகலும் ஓர் இரவும் யோசித்து, வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

இரண்டு விளம்பரங்களின் படங்களும் வெளிவழி அழைப்பும் தளத்தாருக்கு அனுப்பப்பட்டன. வாங்கியோர் கருத்துரைக்கும் இடத்தில் பேர்த்தி இரண்டே வரி எழுதினாள்: 62 பவுணுக்கு விற்றார், பழுது என்று நிறுத்தினார், இரண்டு வாரத்தில் அதே நூலை 180 பவுணுக்கு இட்டார். அடைமொழி ஒன்றும் சேர்க்கவில்லை. நூலை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

சென்ற வாரம் ஸ்கொத்லாந்திலிருந்து இன்னொரு பிரதி ஏலத்துக்கு வந்திருக்கிறது. அட்டை இல்லை, சில தாள்களும் குறைவு. ஏலம் செவ்வாய்க்கிழமை இரவு முடிகிறது. எந்த எழுத்தில் எந்தப் பக்கங்கள் குறைகின்றன என்று விற்பவரிடம் கேட்டெழுதும்படி பேர்த்திக்குச் சொல்லிவிட்டு, எமது நண்பர் பதிலுக்குக் காத்திருக்கிறார்.