பேராசிரியரைத் திட்டுவது சுலபம்

போன வாரம் கடற்கரை சாலையில், காந்தி சிலைக்குத் தெற்கே நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், நண்பர் ஒருவர் கொதித்துப் போயிருந்தார். பேரன் கல்லூரியில் படிக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பாம். "லட்ச ரூபாய்க்கு மேல சம்பளம் சார். மைக்கை ஆன் பண்ணத் தெரியல. இருபது நிமிஷமா வாய் மட்டும் அசையுது. பையன் போனை சாத்தி வெச்சிட்டுத் தூங்கறான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் வெட்கமாகிவிட்டது.

ஏனென்றால் என் அக்கா மகளும் ஒரு பேராசிரியைதான். வணிகவியல். வயது ஐம்பத்து நான்கு. கரும்பலகை முன்னால் நின்றால் கணக்குப் பதிவியலை கதை மாதிரிச் சொல்லுவாள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒரே வாரத்தில் அவளை செல்போன் முன்னால் உட்கார வைத்தார்கள். சரி, அது ஆபத்துக் காலம், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகும் ஆன்லைன் போகவில்லை. 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை 'ஸ்வயம்' தளம் வழியாகவே படிக்கலாம். அதைப் பார்த்து கல்லூரிகளும் தங்கள் பங்குக்கு ஆன்லைன் வகுப்பு, பதிவு செய்த பாடம் என்று சுற்றறிக்கை விடுகின்றன. சுற்றறிக்கை எழுதியே தலை நரைத்தவன் நான். அதை எழுத ஐந்து நிமிடம் போதும்.

அவளுக்குக் கொடுத்த பயிற்சியைக் கேளுங்கள். மூன்று மணி நேரம். அதுவும் ஆன்லைனில். முன்னூறு பேர் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க, பயிற்சியாளர் 'மாணவர்களைப் பங்கேற்க வைப்பது எப்படி' என்று திரையில் இருந்ததை வரி விடாமல் வாசித்தார். கடைசியில் ஒரு படிவம். அதை நிரப்பினால் சான்றிதழ். "மாமா, நான் பாதி நேரம் வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன். எனக்கும் சர்ட்டிபிகேட் வந்துடுச்சு" என்றாள்.

இது புதிய வியாதி இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு ஏசி அறை கட்டினார்கள், துணி உறை தைத்தார்கள், வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. ஃப்ளாப்பி என்றால் என்ன, பைட் என்றால் என்ன என்று வகுப்பு. மூன்றாம் நாள் எல்லோரும் பழையபடி பேரேட்டுக்குத் திரும்பிவிட்டோம். "கிளார்க்குகளுக்கு மண்டையில் ஏறாது" என்றார் அதிகாரி. பிறகு டேட்டா என்ட்ரிக்கு வந்த ஒரு பையன், மூன்று வாரம் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். என் சம்பளப் பட்டியலை, என் தவறுகளோடு, என் கையாலேயே போட வைத்தான். ஓய்வு பெறும் வரை நான் அதற்காக வேறு யாரையும் கூப்பிடவில்லை. என் மண்டையும் அதிகாரி சொன்ன அதே மண்டைதான்.

நம் ஊரில் இயந்திரத்துக்கு எப்போதும் பணம் இருக்கும். 1984-ல் தூர்தர்ஷனில் கல்லூரிப் பாடம் வந்தது. 2004-ல் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் விட்டோம். 2017-ல் ஸ்வயம். எல்லாம் நல்ல காரியமே. ஆனால் ஸ்வயத்தில் ஒரு பாடத்துக்குக் காணொலி, படிக்கக் குறிப்பு, தன்னைத்தானே சோதிக்கும் தேர்வு, கலந்துரையாடல் என்று நான்கு அங்கம் வைத்திருக்கிறார்கள். படம் பிடிக்க ஒருவர், ஒலி பார்க்க ஒருவர், வெட்டி ஒட்ட ஒருவர் என்று செய்ய வேண்டிய வேலை அது. என் அக்கா மகள் இதையெல்லாம் சமையலறைக்குப் பக்கத்து அறையில், குக்கர் விசிலுக்கு நடுவில் தனியாகச் செய்ய வேண்டும். வாரத்துக்கு அவளுக்கு உள்ள பதினான்கு மணி நேர வகுப்பில் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

தொலைவிலிருந்து கற்பிக்கவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கே அப்படித்தான் ஆங்கிலம் வந்தது. பிரெஞ்சில் படித்தவனுக்கு 1962-க்குப் பிறகு அரசு வேலை வேண்டுமென்றால் ஆங்கிலம் தெரிந்தாக வேண்டும். தபாலில் பாடம் வரும். விடை எழுதி அனுப்புவேன். இரண்டு வாரத்தில் சிவப்பு மையோடு திரும்பி வரும். 'நீ பிரெஞ்சில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறாய்' என்று ஓரத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பிரான்சிலும் 1939-ல் போர் மூண்டபோது, பள்ளி இழந்த பிள்ளைகளுக்காகத் தபால் பாடம்தான் ஆரம்பித்தார்கள். இன்றைய 'க்நெட்' நிறுவனம் அதன் வாரிசு. அந்தக் காலத்தில் கேமராவும் இல்லை, மைக்கும் இல்லை. எழுதியதை ஒரு மனிதர் படித்தார், அவ்வளவுதான்.

கடைசியில் என் அக்கா மகளைக் காப்பாற்றியது சான்றிதழ் அல்ல. அவளுடைய பழைய மாணவி ஒருத்தி நான்கு மாலை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்லைடைத் தூக்கிப் போடச் சொன்னாள். போனை ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, கீழே வெள்ளைத்தாள் வைத்து, டீச்சர் கையெழுத்திலேயே கணக்கைப் போட வைத்தாள். ஒரே ஒரு தேய்மானக் கணக்கு, பன்னிரண்டு நிமிடம். பிறகு மாணவர்கள் தாங்களே ஒன்று போட்டு, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். மீதி மதிப்பில் பத்து சதவீதம் கழிக்கச் சொன்னால், பாதிப் பேர் ஒவ்வொரு வருஷமும் முதல் விலையிலேயே கழித்திருந்தார்கள். பெயரை மறைத்து, அப்படி ஒரு தாளை எடுத்து அடுத்த வகுப்பைத் தொடங்கினாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு பையன் தானாகவே மைக்கைத் திறந்து, "மேடம், அது என்னோடதுதான்" என்றானாம்.

சோம்பேறிப் பேராசிரியர்கள் இல்லையா? இருக்கிறார்கள். மஞ்சள் பூத்த குறிப்பை வகுப்பில் வாசித்தவர், கேமரா முன்னாலும் அதையேதான் வாசிப்பார். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் அவர்களைக் காட்டி மற்றவர்களை ஆதரவில்லாமல் விடுவது அநியாயம்.

என்னைக் கேட்டால் உத்தரவை இப்படி எழுதுவேன். துறைக்கு ஒரு உதவியாளர், ஒரு பருவம் முழுக்க, ஆசிரியர் பக்கத்திலேயே. பாடம் தயாரிக்கிற நேரமும் வகுப்பு நேரமாகக் கணக்கில் வர வேண்டும். நேரடி ஆன்லைன் வகுப்பில் நாற்பது பேருக்கு மேல் கூடாது. பயிற்சி என்றால் ஆசிரியர் பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும், இரண்டு சக ஆசிரியர்கள் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். பயிற்சியாளர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். செலவு என்பார்கள். அந்த ஏசி அறையின் மின் கட்டண பில்லை நான் பாஸ் பண்ணியிருக்கிறேன். என்னிடம் செலவைப் பற்றிப் பேச வேண்டாம்.

நண்பரிடம் இதையெல்லாம் நாளைக் காலை நேரிலேயே சொல்லப் போகிறேன். இப்போதைக்கு இதோடு நிறுத்துகிறேன். ஏழு மணிக்கு அவளுக்கு வகுப்பு. ஸ்டாண்டின் ஒரு கால் உடைந்துவிட்டது; "மாமா, பன்னிரண்டு நிமிஷம் கை நடுங்காம போனைப் பிடிச்சுக்குவீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.