இரண்டு ரவைகள்

களவுப் பொருளென்று தெரிந்தே அதனை வாங்குபவன் குற்றவாளி என்கிறது சட்டம். பொலிஸார் சட்டத்தை மீறிக் கைப்பற்றிய பொருளைத் தெரிந்தே ஏற்கும் நீதிமன்றத்திற்கு என்ன பெயரிடுவது? ஏகாதிபத்தியம் இதற்கு அளித்த விடை, 1955 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற ஒரு வழக்கில் உள்ளது.

கென்யாவில் 'மௌ மௌ' எழுச்சியை நசுக்கவென 1952 இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அனுமதியின்றி ரவை வைத்திருந்தாலே மரண தண்டனை. அக்காலத்திற் சைக்கிளில் வந்த குருமா என்ற தொழிலாளி வீதித் தடையில் நிறுத்திச் சோதனையிடப்பட்டார். சோதனையிடும் அதிகாரத்தை விதிகள் உதவி இன்ஸ்பெக்டருக்கும் அவருக்கு மேற்பட்டோருக்குமே வழங்கியிருந்தன. சோதித்தவர்களோ அத்தரத்திற்குக் கீழ்ப்பட்டவர்கள். இரண்டு ரவைகளும் ஒரு பேனாக்கத்தியும் அகப்பட்டன என்றார்கள். கத்தி நீதிமன்றத்திற் காட்டப்படவேயில்லை. சோதனையைக் கண்டதாகக் கூறப்பட்ட மூவரும் சாட்சிக்கு அழைக்கப்படவில்லை. குருமாவுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

மேன்முறையீடு இலண்டன் கோமறைக் கழகத்தை அடைந்தது. சான்று வழக்கிற்குத் தொடர்புடையதாயின் போதும், அது எவ்வாறு பெறப்பட்டது என்பது நீதிமன்றத்தின் கவலையன்று எனத் தீர்ப்பளித்தார் கொடாட் பிரபு. நேர்மைக்கு மாறாயின் நீதிபதி சான்றை ஒதுக்கலாம் என்றும் ஒரு வாசகத்தைச் சேர்த்தார். அவ்வாசகம் குருமாவுக்கு உதவவில்லை.

“கான்ஸ்தாபிள் தவறிழைத்தார் என்பதற்காகக் குற்றவாளி தப்புவதா?” என்று கேட்போர் நம் ஆசிரியர் அறைகளிலும் உளர். விசாரணை முடியுமுன்னரே ஒருவனைக் குற்றவாளியாக்கிவிட்டுக் கேட்கப்படும் கேள்வி இது. இரண்டு ரவைகள் உள்ளங்கையில் அடங்குவன. ஒருவன் சட்டைப்பையில் அவற்றை இட்டுவிட்டு எடுப்பது பெரிய வித்தையன்று. ஓர் உயிரைப் பறிக்கக்கூடிய சோதனைக்குப் பொறுப்பான அதிகாரி வேண்டுமென விதி கோரியது வெறுஞ் சடங்கா? அந்த ஒரே காவலையும் அகற்றிய பின்னர், ரவை கிடைத்தது என்பதற்கே உத்தரவாதம் எங்கே?

ஐக்கிய அமெரிக்கா 1961 இல் மாற்று வழியை வகுத்தது: முறைகேடாகத் தேடிப் பெற்ற சான்றை மாநில நீதிமன்றங்களும் ஏற்கலாகாது. ஆயின் 1996 இல் அதே உயர்நீதிமன்றம், சாரதி சைகை காட்டாது திரும்பினாற்கூட நிறுத்துவது சட்டபூர்வமே என்றது. நிறுத்திய அதிகாரியின் உள்நோக்கத்தை ஆராயவேண்டியதில்லையாம். வீதி விதியொன்றையும் மீறாது நெடுந்தூரம் வண்டியோட்டுபவர் எத்தனை பேர்? சான்றை விலக்கும் விதி ஏட்டில் இருக்கிறது. 'சட்டபூர்வம்' என்ற சொல் அதனைக் கரைத்துவிடுகிறது.

கென்ய மக்கள் 2010 ஆம் ஆண்டின் அரசியலமைப்பில், உரிமையை மீறிப் பெற்ற சான்று விசாரணையின் நேர்மையைக் குலைக்குமாயின் விலக்கப்படல் வேண்டும் என எழுதிக்கொண்டனர். எழுபதுகளின் தொடக்கம்வரை அதே கோமறைக் கழகத்தையே இறுதி மன்றமாகக் கொண்டிருந்த நாம் செய்ததென்ன? பொலிஸாருக்கு அளித்த குற்ற ஒப்புதல் செல்லாது என அந்நிய ஆட்சியே 1895 இல் இயற்றிய சான்றுக் கட்டளைச் சட்டம் கூறியது. சுதந்திர இலங்கை 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தால், உதவிப் பொலிஸ் அத்தியட்சரும் அவருக்கு மேற்பட்டோரும் பெறும் ஒப்புதலைச் செல்லத்தக்கதாக்கியது. அது பலவந்தமாகப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பையும், பூட்டிய அறையிற் சாட்சியின்றி இருந்த கைதியின் தலையிலேயே சுமத்தியது.