குறுக்குவழியும் நேர்வழியே

குறுக்குவழி என்னுஞ் சொல்லுக்கு நம்மிடையே நற்பெயரில்லை. தேர்விலே அதனைத் தேடுவோனை ஆசிரியர் வெகுள்வர். பொருளீட்டுவதில் அதனை நாடுவோனை ஊரார் இகழ்வர். ஆயினும் கணினி விசைப்பலகையின் குறுக்குவழிகள் இப்பழிக்கு உரியனவல்ல என்பதே யான் ஈண்டுக் கூறப்புகுவது.

கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எஃப் விசையைத் தட்டினால், திறந்துள்ள பக்கத்தில் வேண்டிய சொல்லைத் தேடலாம். இஸட் விசையைத் தட்டினால் கைதவறிச் செய்தது மீளும். இவற்றை அறியாத மாணவர், மவுஸைப் பிடித்துப் பக்கத்தைத் தலைமுதற் கால்வரை உருட்டிக் கொண்டேயிருப்பர். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூற்பக்கமொன்றில் ஒரு சொல் எங்கெங்கு வருகின்றதென்பதை நொடிப்பொழுதில் காணலாம். ஒன்று மட்டும்: 'மரம்' என்று தேடுவோனுக்கு 'மரத்தை' அகப்படாது. 'மர' என்று தேடின் இரண்டும் அகப்படும். கூடவே மரபும் மரணமும் வந்து நிற்கும். நன்னூலின் புணரியலை வெறுக்கும் என் வகுப்பினர் இதனைக் கவனிப்பாராக.

நிற்க. விரைவைப் பற்றி மட்டும் எழுதுவதாயின் இக்கட்டுரைக்கே தேவையில்லை. என் தோழரொருவர் கண்பார்வையில்லாதவர். திரையிலுள்ளதைக் குரலாற் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளே அவருக்குத் துணை. அது 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞரால் தொடங்கப்பெற்றது, விலையின்றிக் கிடைப்பது. மவுஸ் நகர்த்தும் அம்புக்குறியைக் காணவியலாதவருக்கு மவுஸாற் பயனென்ன? வலைப்பக்கத்தில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்கும், டேப் விசையைத் தட்டினால் அடுத்த இணைப்புக்கும் அவர் செல்வார். நமக்குக் குறுக்குவழியாயிருப்பது அவருக்கு உள்ள ஒரே வழி.

ஒருநாள் மாலை இருவரும் ஓரிலக்கியக் கட்டுரையைப் படிக்க அமர்ந்தோம். அவர் எச் விசையைத் தட்டினார். அடுத்த தலைப்பு இல்லை என்றது குரல். என் கண்முன்னரோ தலைப்புகள் கொட்டை எழுத்தில் நின்றன! பக்கத்தை அமைத்தவர் எழுத்தைப் பெரிதாக்கினாரேயன்றித் தலைப்பென்று கணினிக்கு உணர்த்தவில்லை. தோழர் டேப் விசையைத் தட்டித் தட்டி, மேலிருந்த இணைப்புகள் அத்தனையையும் கேட்டு முடித்த பின்னரே கட்டுரையின் முதல் வரியை அடைந்தார். அவர் சினக்கவில்லை, பழகிவிட்டது என்றார். அச்சொல்தான் என்னை வருத்திற்று.

சிலருக்காக இத்துணை முயற்சியா என்று கேட்போருண்டு. முயற்சி யாது? தலைப்பைத் தலைப்பென்று குறிப்பதும், நேரே கட்டுரைக்குச் செல்ல ஓரிணைப்பைப் பக்கத்தின் உச்சியில் வைப்பதுமேயாம். எல்லாச் செயலும் விசைப்பலகையால் இயலவேண்டுமென்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகின்றது. நம் நாட்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2016-இலேயே வந்துவிட்டது. நெறியும் சட்டமும் இருந்தும் தமிழ்ப் பக்கங்கள் பல இன்னும் வாயில் அடைத்தே கிடக்கின்றன. பழம்நூல்களைப் படம்பிடித்து அப்படியே வலையேற்றுவோர் செய்வது இதனினும் கொடிது. எழுத்துணரிக்கு உட்படாத அப்படத்தில் எஃப் விசை எதனையும் காணாது, குரலும் வாய்திறவாது.

ஆதலின், முதலாண்டுக் கணினி வகுப்பில் ஒருநாளேனும் மவுஸை எடுத்துவைத்துவிட்டுப் பயிற்றுவித்தல் வேண்டும். நம் துறையினர் வலையேற்றும் ஒவ்வொரு கட்டுரையையும் வெளியிடுமுன் என் தோழரிடங் கொடுத்து, எச் விசையைத் தட்டச்செய்து, அருகிருந்து கேட்டல் வேண்டும்.